கையும் கருத்தும்

ஒருவர் தம் தொழிலைத் திறம்படச் செய்வதைக் கண்டால், ‘அது அவருக்குக் கைவந்த கலை’ என்று சொல்லுகிறோம். அவரே அத்தொழிலில் ஒரு பிழை செய்துவிட்டால், ‘கருத்து எங்கே போயிற்று?’ என்று கேட்கிறோம். புகழும்போது கையைப் புகழ்கிறோம். குறை கூறும்போது கருத்தைக் குறை கூறுகிறோம். அன்றாட வழக்கில் உள்ள இவ்விரு சொற்களுக்கும் இடையே பெரிய வினா ஒன்று இருக்கிறது. திறமை என்பது எங்கே குடியிருக்கிறது? எண்ணாமலே இயங்கும் பழக்கத்திலா? எண்ணி இயக்கும் கவனத்திலா?

அறிஞர்கள் இவ்வினாவை நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றை உரிய இடத்தில் கூறுவோம். முதலில், நாம் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே இதற்கு விடை கூறும் தொழிற்களம் ஒன்று உண்டு, அங்கே செல்வோம்.

கொச்சியில் தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே அமைந்தது சுள்ளிக்கல். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய பல மொழிகளும் ஒரே கடைவீதியில் காதில் விழும் பகுதி இது. இங்கிருந்து கோட்டைக் கொச்சியை நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் ‘வெளி’ என்னும் இடம் வரும். தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே பொருள் கொள்ளத்தக்க பெயர் அது. அங்கே இருக்கிறது ‘டோபிகானா’ என்று ஊரார் அழைக்கும் சலவைத்துறை. அங்கு வேலை செய்வோர் தமிழ் வண்ணார் சமூகத்தினர்.

இவர்கள் கொச்சிக்கு வந்த கதை, நம்மைப் போலப் பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்த தமிழர் அனைவரும் அறியத்தக்கது. 1663ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். கோட்டையில் படைவீரர் இருந்தனர்; படைவீரருக்குச் சீருடை இருந்தது; சீருடையை வெளுக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்காகவே தங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டனர் என்பது இச்சமூகத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி. 1795இல் கொச்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடி மாறியது, சீருடை மாறியது, அதனை வெளுத்த கைகள் மாறவில்லை. முற்காலத்தில் வெளிப் பகுதியின் குளங்களில் நடந்த தொழிலுக்கு, 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் இப்போதுள்ள சலவைத்துறையைக் கட்டிக் கொடுத்தது. இச்சமூகத்தின் சங்கம் அதனை நடத்தி வருகிறது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் அங்கு உண்டு.

காலை நேரத்தில் அங்கே சென்று நின்றால், வரிசையாக அமைந்த தொட்டிகளிலிருந்து ஈரத்துணி கல்லில் மோதும் ஓசை எழும். தொலைவிலிருந்து கேட்போருக்கு அது ஒரே தாளமாகத் தோன்றும். அருகில் சென்று பார்த்தால் அப்படி இல்லை என்பது விளங்கும். படுக்கை விரிப்பு நீரை உண்டு கனத்திருக்கும்; அதைத் தோளுக்கு மேல் சுழற்றி இறக்க வேண்டும். சட்டையாயின் பொத்தான் கல்லில் படாதவாறு மடித்துப் பிடிக்க வேண்டும். பழைய வேட்டியாயின் இற்றுப்போன இடம் அடியை ஏற்காதபடி திருப்ப வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் வீச்சு வேறு, பிடி வேறு, அடியின் வன்மை வேறு. இவ்வளவையும் அக்கை நின்று யோசித்துச் செய்வதில்லை, செய்துகொண்டே போகிறது.

துவைத்த துணியை அலசிப் பிழிந்து, நீலமிட்டு, கஞ்சி தோய்த்துக் கொடியில் இடுவார்கள். அந்தக் கொடியும் பார்க்கத்தக்கது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். துணியின் முனையை அம்முறுக்கின் இடையே செருகிவிட்டால் போதும், கவ்விகள் வேண்டியதில்லை. காற்று எவ்வளவு இழுத்தாலும் கயிற்றின் முறுக்கு துணியை விடாது. விரல்கள் முறுக்கைத் திறப்பதும் முனையைச் செருகுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அந்நேரத்தில் வேலை செய்பவரின் கண் விரலின்மேல் இருப்பதில்லை. பெரும்பாலும் வானத்தின்மேல் இருக்கும். தென்மேற்குப் பருவமழை பொழியும் கொச்சியில், உலர்த்துபவர் முதலில் படிக்க வேண்டிய ஏடு வானமே அன்றோ?

ஒரு நாள் அங்கே வயது முதிர்ந்த தொழிலாளர் ஒருவரிடம், “பெரியவரே, அடிக்கும்போது எதைக் கவனிப்பீர்கள்?” என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“கல்லைப் பார்த்தா கை தடுமாறும், சார். துணியைத்தான் பார்க்கணும். எங்கே அழுக்கு நிக்குது, எங்கே நூல் இத்துக் கிடக்குது, அதைப் பார்த்தாப் போதும். கல்லு தானா வந்து நிக்கும்.”

“தொடக்கத்திலேயே அப்படித்தானா?” என்று கேட்டோம்.

“எங்கே? சின்ன வயசிலே கல்லைத்தான் பார்த்தேன், கையைத்தான் பார்த்தேன். அப்பாகிட்டே எவ்வளவு திட்டு! கை பழகின அப்புறம்தான் துணி கண்ணுக்குத் தெரிஞ்சுது.”

‘கை பழகின அப்புறம்தான் துணி கண்ணுக்குத் தெரிந்தது’ என்னும் அந்த ஒரு வாக்கியத்தை நாம் பலநாள் சிந்தித்திருக்கிறோம். பழக்கம் வந்த பின்னர்க் கவனம் தேவையற்றுப் போய்விட்டது என்று அவர் கூறவில்லை. கவனம் இடம் மாறியது என்றே கூறினார். கையைக் காவல் காத்துக்கொண்டிருந்த கருத்து, அக்காவலிலிருந்து விடுபட்டுத் துணிக்குச் சென்றது.

துணி வெளுக்கும் தொழிலைப் பழந்தமிழர் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், கஞ்சிப் பசை தோய்த்து, முதல் அடி அடித்து, குளிர்ந்த குளத்து நீரில் இடப்பட்டு, இன்னும் முறுக்கவிழாமல் கிடக்கும் ஆடை ஒரு மலருக்கு உவமையாகிறது. துணி வெளுக்கும் பெண்ணின் வேலையை வரிசைமுறை பிறழாமல் கண்டறிந்த புலவரே அவ்வாறு பாட இயலும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், காஞ்சிமாநகரில் வாழ்ந்த வெளுப்புத் தொழிலாளர் ஒருவர் நாயன்மார் வரிசையில் இடம் பெறுகிறார். அவர் பெயர் திருக்குறிப்புத் தொண்டர். அடியாரின் உள்ளக் குறிப்பை அறிந்து தொண்டு செய்தவர் என்பது அப்பெயரின் பொருள். மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக முதியவர் ஒருவரின் கந்தையை வாங்கினார்; விடா மழை பிடித்துக்கொண்டது; சொன்ன சொல் தவறியதே என்று தம் தலையைக் கல்லில் மோதச் சென்றார் என்பது வரலாறு. கைத்தொழிலாளர் ஒருவரைக் கையின் வலிமையால் அன்றி, குறிப்பறியும் கருத்தால் பெயரிட்டு அழைத்த சிறப்பு நம் இலக்கியத்துக்கு உண்டு.

ஆயினும் இலக்கியத்தில் தந்த பெருமையை வாழ்க்கையில் நாம் தரவில்லை. வெளுப்பவரை ஊரின் ஓரத்தில் வைத்தோம். ‘மூளை வேலை’ என்றும் ‘கை வேலை’ என்றும் பிரித்து, பின்னதற்கு அறிவு வேண்டியதில்லை என்று நம்பினோம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவனுக்குச் சிந்தனை எதற்கு என்னும் இவ்வெண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட தொழில் நிர்வாக நூலில், திட்டமிடும் பொறுப்பு முழுவதும் நிர்வாகத்துக்கே உரியது என்றும், வகுத்துக் கொடுத்த முறைப்படி உழைப்பதே தொழிலாளியின் கடமை என்றும் வாதிட்டார். கருத்து ஓரிடத்திலும் கை வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதே அவ்வாதத்தின் சாரம்.

இக்கொள்கை எவ்வளவு தூரம் உண்மை? மேலை நாட்டு உளநூலாரின் ஆராய்ச்சியே இதற்கு விடை தருகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் பழக்கத்துக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அன்றாடச் செயல்களில் எவ்வளவுக்கெவ்வளவு பழக்கத்திடம் ஒப்படைக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு மனத்தின் உயர்ந்த ஆற்றல்கள் தமக்குரிய வேலையைச் செய்ய விடுதலை பெறும் என்பது அவர் கருத்து. ஏழாண்டுகளுக்குப் பின், இந்தியானாவில் பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர் தந்திப் பணியாளரை ஆராய்ந்தனர். ஹார்ட்டர் தாமே தந்தித் தொழிலில் பயின்றவர். 1897இலும் 1899இலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறைக்கு அடிக்கல் நாட்டின.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுற்றது. ஆயினும் அக்கருவியின் ‘கட்டுக் கட’ ஓசையைக் கேட்டோர் நம்மிடையே பலர் இருப்பர். புதிதாகப் பயில்பவர் அவ்வோசையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிறார். நாளடைவில் எழுத்துகள் மறைந்து சொற்கள் கேட்கின்றன. அதன்பின் சொற்களும் மறைந்து தொடர்கள் கேட்கின்றன. தேர்ந்த பணியாளர், காதில் விழும் செய்திக்குப் பல சொற்கள் பின்தங்கி நின்று நிதானமாக எழுதிக்கொண்டே போவார். பயிற்சியின் நடுவே முன்னேற்றமே இல்லாததுபோல் தோன்றும் வாரங்கள் வரும் என்பதையும் அவ்விருவர் கண்டனர். கீழ்ப்படியிலுள்ள பழக்கம் முற்றுப் பெற்ற பின்னரே மேற்படிக்குச் செல்ல இயலும் என்று அதற்குக் காரணம் கூறினர். எழுத்தை வெல்லாதவன் சொல்லைக் கேட்க முடியாது. கல்லை வெல்லாதவன் துணியைப் பார்க்க முடியாது.

இன்னும் வியப்பூட்டும் ஆராய்ச்சி ருஷ்யாவில் நடந்தது. டெய்லரின் கொள்கையால் கவரப்பட்டோர் மாஸ்கோவில் மத்தியத் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியிருந்தனர். தொழிலாளி அடிக்க வேண்டிய ‘ஒரே சரியான அடி’ எது என்று கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கம். நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் இளம் மருத்துவர் 1922இல் அங்குச் சேர்ந்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளரின் கையிலும் சுத்தியலிலும் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவ்வொளியின் பாதையைப் படமெடுத்தார். கைதேர்ந்தவரின் ஒவ்வோர் அடியும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும் என்றே யாரும் எதிர்பார்ப்பர். படங்கள் வேறு செய்தி கூறின. சுத்தியலின் முனை உளியைத் தவறாமல் அடைந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது வேறு வழியிலேயே சென்றன. ஒரு மூட்டில் நேர்ந்த சிறு விலகலை மற்றொரு மூட்டு அக்கணமே ஈடு செய்தது.

எனவே தேர்ந்த கை, பொறியைப் போல ஒன்றையே மறுபடி செய்வதன்று. ஒரே குறிக்கோளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்வு கண்டு அடைவது. ‘ஒரே சரியான அடி’யைத் தேடிய நிலையத்திலேயே, அப்படி ஒன்று இல்லை என்பது கண்டறியப்பட்டது. வெளிச் சலவைத்துறையில் ஈரத்துணியின் கனம் அடிக்கு அடி மாறுகிறது. அங்கே நிற்கும் கையும் இவ்வாறே அடிக்கு அடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதை ‘யந்திரத்தனமான வேலை’ என்பது, யந்திரத்தையும் அறியாமல் கையையும் அறியாமல் கூறும் சொல்லாகும்.

இனி, பழக்கத்தால் விளையும் தீங்கையும் மறைக்காமல் கூற வேண்டும். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறோம். அறிவிப்புகளில் ‘இது வெளியிடப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள்’ என்னும் தொடர் பல நூறு முறை வரும். எழுதி எழுதி, அத்தொடர் நம் கையிலிருந்து தானாக வழியும் அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு முறை மூலத்தில் ‘பெறப்பட்ட நாளிலிருந்து’ என்று இருந்தது. கண் அதைக் கண்டது. கை வழக்கமான ‘வெளியிடப்பட்ட’ என்பதையே எழுதியது. திரும்பப் படித்தபோதும் பழக்கமே நமக்குப் பதிலாகப் படித்தது. ஓய்வூதியர் ஒருவர் அத்தமிழைப் படித்து, காலம் கடந்துவிட்டதென்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டார். பின்னர்த் திருத்தம் வெளியாயிற்று. அவருக்கு உரியதும் கிடைத்தது. ஆயினும் அவர் வீணே கவலையுற்ற நாட்களை எத்திருத்தத்தால் திரும்பக் கொடுக்க முடியும்? புதிதாகப் பணிக்கு வந்தவர் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார். அவர் ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்தே எழுதியிருப்பார். இது பழகியவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

அப்படியாயின் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு ஒவ்வோர் அசைவையும் கவனித்துச் செய்தால் தீருமா? அதுவும் தீராது. 2002இல் அமெரிக்காவில் சியான் பைலாக் என்பவரும் அவருடைய துணைவரும் கால்பந்து ஆடுவோரைச் சோதித்தனர். பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு ஓடும்போதே, பாதத்தின் எப்பக்கம் பந்தைத் தொடுகிறது என்பதையும் கவனித்துக் கூறச் சொன்னார்கள். புதியவர்க்கு அக்கவனம் உதவிற்று. தேர்ந்தவரோ, தமக்கு நன்கு பழகிய வலக்காலில் தடுமாறினர். காலைப் பார்த்தவுடன் கால் தன் பழக்கத்தை மறந்தது. 1998இல் கபிரியேல் வுல்ஃப் முதலியோர் செய்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியோருள், தம் பாதத்தை எண்ணியவரைவிடப் பாதத்தால் இயக்கப்படும் கருவியை எண்ணியவரே நன்கு பயின்றனர். ‘கல்லைப் பார்த்தா கை தடுமாறும், துணியைத்தான் பார்க்கணும்’ என்று வெளியில் நாம் கேட்டதும் இதுவே.

ஆகவே கவனம் வேண்டுமா வேண்டாவா என்பது கேள்வியன்று. அது எங்கே நிற்க வேண்டும் என்பதே கேள்வி. கற்கும் காலத்தில் அது கையில் நிற்கட்டும். கை பழகிய பின் வேலையின் பயனில் நிற்கட்டும். ஆண்டர்ஸ் எரிக்சன் முதலியோர் பெர்லின் இசைப்பள்ளி மாணவரை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, இன்னும் ஒரு படி செல்கிறது. பழகியதையே இனிதாக வாசித்துக்கொண்டிருப்பது பயிற்சியாகாது. தம் குறை எங்கே என்று தேடி அங்கே கருத்தூன்றி உழைப்பதே பயிற்சி என்பது அவர்கள் முடிவு. விடுதலை பெற்ற கவனத்தைத் தூங்கவிடாமல் அடுத்த வேலைக்கு அனுப்புபவரே மேன்மேலும் வளர்கிறார். மேற்கூறிய அறிவிப்பில் நாம் தவறியதும் இவ்விடத்திலேயே. பழகிய தொடரை எழுதும் உழைப்பிலிருந்து கருத்துக்கு விடுமுறை கிடைத்தது. அவ்விடுமுறையில் அது மூலத்தின்மேல் நின்றிருக்க வேண்டும். நாமோ அதை உறங்கவிட்டோம். அன்றுமுதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நாள், தொகை, ‘அல்ல’, ‘ஒழிய’ என்பன வருமிடத்தில் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு மூலத்தைப் புதிதாகப் படிக்கிறோம்.

பழக்கத்தை அறிவின்மை என்று கருதுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அது வந்த வழி கவனமே. சிறுவனாக நின்று கல்லையும் கையையும் பார்த்த ஆண்டுகளின் கவனமெல்லாம் அம்முதியவரின் தோளில் சேமிப்பாகத் தங்கியிருக்கிறது. அவர் தந்தையின் கண்டிப்பும் அதில் இருக்கிறது; அத்தந்தைக்குக் கற்பித்தவரின் கவனமும் இருக்கிறது. ஒரு கைத்தொழில் என்பது பல தலைமுறைகள் சேர்த்துவைத்த கவனம்.

இச்சேமிப்பு ஏட்டில் எழுதி வைக்கத்தக்கதன்று. அருகில் நின்று பார்த்தே பெறத்தக்கது. சலவைப் பொறிகள் வந்துவிட்ட இக்காலத்தில், கல்லின் முன் நிற்கும் இளைஞர் குறைந்து வருவதில் வியப்பில்லை. அவர்கள் கல்வி கற்று வேறு தொழிலுக்குச் செல்வது வரவேற்கத்தக்கதே. பிறப்பினால் ஒருவரைக் கல்லின் முன் நிறுத்துவது நியாயமன்று. ஆனால், அவர்களுடைய முன்னோர் செய்தது அறிவற்ற உழைப்பு என்னும் எண்ணத்தோடு அவர்கள் அவ்விடத்தை விட்டுச் செல்லலாகாது. அவ்வெண்ணம் பொய் என்பதை மாஸ்கோவில் எடுத்த படங்களும் மெய்ப்பிக்கின்றன. வெளியில் கேட்கும் துவைப்பொலியும் மெய்ப்பிக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நமக்குத் தமிழ் பழக்கமாக வந்தது. தெருவும் திண்ணையும் அதைத் தந்தன. நம் பிள்ளைகளுக்கு அப்படி வருவதில்லை. அவர்களுக்குத் தமிழ் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் கேட்கும் தந்தியோசை போன்றது. முன்னேற்றமே இல்லாததுபோல் தோன்றும் வாரங்கள் அவர்கள் கல்வியிலும் வரும். அவ்வாரங்களில் பெற்றோர் சலித்து விட்டுவிடுகின்றனர். எழுத்து சொல்லாகவும் சொல் தொடராகவும் மாறும் நேரம் அதன் பின்னரே வருகிறது. வெளியில் உள்ள குடும்பங்கள் அயல்மொழி நாட்டில் பல தலைமுறைகளாகத் தமிழைக் காத்தது எவ்வாறு? தொழில் செய்யும் இடத்திலும் உணவு உண்ணும் இடத்திலும் நாள்தோறும் அதைப் பேசினர். பேசியதால் அது நாவுக்குப் பழகிற்று.

நம் வீடுகளிலும் முதல் சில ஆண்டுகள் கருத்தூன்றிக் கற்பிப்போமாக. நா பழகிய பின், பிள்ளைகளின் கவனம் சொல்லை விட்டுச் சொல்ல வந்த பொருளுக்குச் செல்லும்.